தெருவும் ஒரு வார்டுதான்

நீளமான த்ரெட். இப்ப நேரம் இல்லன்னா சேவ் பண்ணி வெச்சு ராத்திரி படிங்க.

எங்க டாக்டர்கள் வாட்ஸப் குரூப்ல போன வாரம் ஒரு சண்டை. ஆரம்பிச்சு வெச்சது ரொம்ப நல்ல மனுஷன். என்னைவிட நிறைய சீனியர், ஒரு ஆபரேஷன் முடிஞ்சா டீ கூட குடிக்காம அடுத்த கேஸ் ஷீட்டைத் தேடுற ஆள். அவர் போட்ட மெசேஜ் இதுதான்: "அரசு ஆஸ்பத்திரி எல்லாம் இடமில்லாம மூச்சு முட்டுது. பக்கத்துல இருக்கிற சின்னத் தெருவை மாநகராட்சி நிரந்தரமா மூடி, வளாகத்தோட சேர்த்துக் கொடுத்துட்டா என்ன? வெளிநாட்டுல பண்றாங்களே." அஞ்சே நிமிஷத்துல வரிசையா கட்டைவிரல்.

நான் மட்டும் "வேண்டாம் சார்"னு போட்டேன். "பெட் இல்லாம தரையில பாய் போட்டு பேஷண்ட் பாக்குறவன் நீ. நீயே இப்படிச் சொல்லலாமா"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான். அதுக்கான பதில் குரூப்ல அடங்கல, அதான் இங்க எழுதறேன்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தெருன்னு கேக்காதீங்க. நான் அரசு ஊழியன், பேர் சொல்ல மாட்டேன். இந்த த்ரெட் ஒரு யோசனையைப் பத்தினது. நெரிசலான எந்த ஊர்லயும், எந்த ஆஸ்பத்திரிக் கமிட்டிலயும் என்னைக்காவது ஒருநாள் இந்த யோசனை மேஜைக்கு வரும். வரும்போது நீங்க தயாரா இருக்கணும்.

முதல்ல சீனியர் சொன்னதுல எது உண்மையோ அதை ஒத்துக்கறேன். இடம் இல்லை. ஒரு பெட்ல ரெண்டு பேர், வராண்டாவுல பாய், டிரிப் பாட்டிலை ஜன்னல் கம்பியில மாட்டின வார்டு எல்லாம் நான் பார்த்தவன். ரெண்டு பிளாக்குக்கு நடுவுல தெரு ஓடுற ஆஸ்பத்திரியில, வென்டிலேட்டருக்கு மாத்த வேண்டிய பேஷண்டை ஆம்பு பை அழுத்திக்கிட்டே மழையில ட்ராலியில தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடக்கிற கொடுமையும் தெரியும். குறுக்க வர்ற பைக்காரன் ஹாரன் வேற அடிப்பான். அந்த நிமிஷத்துல எனக்கும் அந்தத் தெருவை மூடிடலாம்னுதான் தோணும்.

ஆனா ஒரு தெருவை மூடினா என்ன ஆகும்னு நான் ஒருமுறை பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நடந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு சின்னத் தெரு. அதுல திறக்கிற பின்கேட்டு. கட்டட வேலைன்னு கேட்டைப் பூட்டி, தெருவையும் பாதி தகரம் வெச்சு அடைச்சிட்டாங்க. "தற்காலிகம்"னு ஒரு போர்டு. மாசக்கணக்குல அந்த போர்டு வெயில்ல வெளுத்துச்சே தவிர தற்காலிகம் முடியல.

ஒருநாள் விடியக்காலம் மூணு மணி இருக்கும். ஒரு மீன்பாடி வண்டியில ஒருத்தரைப் படுக்க வெச்சுக் கொண்டு வந்தாங்க. அம்பது சொச்சம் வயசு, மண்டியில மூட்டை தூக்குறவர். சட்டை முழுக்க வேர்வை, ஒரு கை நெஞ்சு மேல. ஈசிஜி எடுத்ததும் தெரிஞ்சிடுச்சு, இதயத்தோட முன்சுவர்ல பெரிய அட்டாக். எப்ப வலி ஆரம்பிச்சது, எவ்ளோ நேரம் ஆச்சுன்னு மகனைக் கேட்டேன்.

"பின்னாடி கேட்டுக்குத்தான் டாக்டரே வந்தோம். மூடிக்கினு இருந்துச்சு. தட்டிப் பாத்தோம், வாட்ச்மேன் இல்ல. திருப்பிக்கினு மெயின் ரோடு போனா அங்க லாரி நிக்குது. சுத்திக்கினு வந்தோம்."

அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயசு இருக்கலாம். வண்டியைத் தள்ளித் தள்ளி அவனுக்கே மூச்சு வாங்குச்சு. வண்டியில மோட்டார் இருந்துச்சு, வழியில நின்னு போச்சு.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டோம். அவர் பொழைச்சாரு. ஆனா எக்கோவுல பம்பிங் ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு. மூட்டை தூக்குற வேலை அன்னையோட முடிஞ்சுது. அந்தக் கேட்டு பூட்டியிருந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வலி வந்ததும் கிளம்பாம, வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சிட்டு உக்காந்திருக்காரு, அதுவும் கணக்குல இருக்கு. ஆனா ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். அன்னைக்கு அந்தத் தகரத் தடுப்பு தின்ன நிமிஷங்கள் எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறல. கேஸ் ஷீட்ல "தாமதமாக வந்தார்"னு எழுதினது நான்தான். என் கையெழுத்துதான் இருக்கும். தெரு மூடியிருந்ததுன்னு எழுத அதுல கட்டமே கிடையாது.

இதனாலதான் சொல்றேன், தெருவை மூடுறது மலிவான வழி இல்ல. செலவு வேற ஆள் தலையில விழறதால மலிவா தெரியுது, அவ்ளோதான்.

இப்ப எங்க ஏரியாவுக்கு வாங்க. நான் வளர்ந்தது பேசின் பிரிட்ஜ் பக்கம். பக்கிங்காம் கால்வாய்ல படகு நின்ன பேசினால வந்த பேரு. சென்ட்ரல்ல இருந்து வடக்க போற ரயிலும் மேற்க போற ரயிலும் எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் பிரியும். ரயில்ல போறவங்களுக்கு பேசின் பிரிட்ஜ்னா சிக்னலுக்குக் காத்து நிக்கிற இடம். எங்களுக்கு அது, எங்க திரும்பினாலும் ஒரு தண்டவாளம்.

சென்னையில மத்த பக்கம் ஒரு தெரு அடைச்சா அடுத்த தெரு வழியா போயிடலாம். இங்க அப்படி இல்ல. தண்டவாளக் கூட்டம், கால்வாய், யார்டு, குடோன், காம்பவுண்டு சுவர், அதுக்கு மேல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கத்துல இருந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் வர்றதுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வழிதான். அதுல கணேசபுரம் சப்வே மழை பெஞ்சா குளம். கொருக்குப்பேட்டை கேட்டு மூடினா எப்ப திறக்கும்னு கேட்மேனுக்குத்தான் வெளிச்சம். யானைக்கவுனி பாலத்தை இடிச்சுக் கட்டின வருஷங்கள்ல நாங்க சுத்தின சுத்து எங்களுக்குத்தான் தெரியும். இப்படிப்பட்ட இடத்துல, ஒரு ஆட்டோ நுழையுற அளவுக்கு இருக்கிற எட்டடிச் சந்துகூட வெறும் சந்து இல்ல, அதான் எங்க பைபாஸ்.

108 இருக்கேன்னு கேப்பீங்க. 2008-ல வந்த அந்தச் சேவை இந்த மாநிலத்துல எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு, அதுல ரெண்டு கருத்து கிடையாது. ஆனா என் கேஷுவால்ட்டி வாசல்ல வந்து எவ்ளோ பேர் ஆட்டோவுல, பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல சாஞ்சு, தோள்ல கைபோட்டு நடந்து வர்றாங்கன்னு ஒருநாள் நின்னு பாருங்க. இவங்க கூகுள் மேப் பாத்து வர்றவங்க இல்ல. தாத்தா காலத்துல இருந்து வந்த அதே தெருவுல வர்றாங்க. அந்தத் தெரு போச்சுன்னா, புது வழி எதுன்னு நெஞ்சுவலியோட நிக்கிறப்பதான் கண்டுபிடிப்பாங்க.

சுவர் கட்டுறதுன்னா எங்க ஏரியாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. வால்டாக்ஸ் ரோடுன்னு சொல்றோமே, அந்தப் பேர் எப்படி வந்தது? 18-ம் நூற்றாண்டுல கம்பெனிக்காரங்க கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டினாங்க, செலவை உள்ளே குடியிருக்கிறவங்க வரியா கட்டணும்னாங்க. வரி வசூலே ஆகல. பேர் மட்டும் நின்னுடுச்சு. அந்த மதிலோட மிச்சத்தை இன்னைக்கும் பழைய ஜெயில் ரோட்டுல மாடிப் பூங்கான்னு பாக்கலாம். ஊரைக் காப்பாத்தக் கட்டின சுவர் மேல இப்ப சாயந்திரம் காத்து வாங்குறாங்க, அதோட நல்ல கதி அதுதான்.

இன்னொரு கதையும் சொல்றேன். வடசென்னையோட பெரிய ஆஸ்பத்திரியான ஸ்டான்லியை எங்க ஆயாக்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்துல தெருவுல கிடந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம்தான் அதோட வேர். 1938-ல மருத்துவக் கல்லூரியா ஆனது அப்புறம். அதாவது, இங்க ஆஸ்பத்திரி வந்து அதைச் சுத்தித் தெரு வரல. தெருவுல விழுந்து கிடந்தவனைத் தூக்கப் போய்த்தான் ஆஸ்பத்திரியே வந்தது.

இன்னைக்கும் அந்தத் தெரு என்ன வேலை பாக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் இது. பேஷண்டுக்கு நாங்க பால், பிரெட், சாப்பாடு கொடுக்கறோம். கூட இருக்கிற அம்மாவுக்கு? சில பெரிய ஆஸ்பத்திரியில அம்மா உணவகம் இருக்கு, நல்ல விஷயம். மத்த நேரத்துக்கும் மத்த இடத்துக்கும் தெருதான். நாங்க வார்டுல சாதாரணமா "ஒரு மக்கு, ஒரு பக்கெட், பெட்பேன், டயாபர் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவோம். ராத்திரி பதினொரு மணிக்கு அது எங்க கிடைக்குதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா? காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு செட்னு அனுப்பறோமே, அந்த ஜெராக்ஸ் மெஷின் எந்த வார்டுல இருக்கு? கொழந்தை பொறந்தா சுடுதண்ணிக்கு பிளாஸ்க், செத்துப் போனா மார்ச்சுவரிக்கு வெளியே உக்கார ஒரு கடைத் திண்ணை, எல்லாத்துக்கும் தெருதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டீக்கடை அக்கா இருக்காங்க. டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட்டுக்கு மாத்திரை எப்பெப்ப போடணும்னு சீட்டைப் படிச்சுச் சொல்றது அவங்கதான். ஒருநாள் நானே கேட்டுக்கிட்டு நின்னேன். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி. இத உடைக்காத, முழுசா போடு." நான் அவசரத்துல விட்டதை அவங்க நிதானமா சொன்னாங்க. தெருவை மூடினா இந்த அக்காவுக்கு "மறுவாழ்வு"ன்னு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடை கொடுப்பாங்க, கொடுத்தா. பேஷண்டுக்கு அந்த அக்காவை யாரு கொடுப்பா?

இதுல சட்டம் ஒண்ணும் இருக்கு. தெருவியாபாரிகள் சட்டம் 2014-ல வந்தது. கணக்கெடுக்காம, நகர விற்பனைக் குழுவைக் கலக்காம அவங்களை எடுத்தெறிய முடியாது. அதனால யாராவது "ஆக்கிரமிப்பு"ங்கிற ஒரே வார்த்தையில முடிச்சா, அப்படியே தலையாட்டிட்டுப் போகாதீங்க.

தெரு யாரோட சொத்து? மாநகராட்சிக்கிட்ட இருக்குன்னு சட்டம் சொல்லும். தெருவை நிரந்தரமா மூடுற அதிகாரம்கூட நகராட்சிச் சட்டங்கள்ல இருக்கு, மறைக்கல. ஆனா 1960-கள்ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போச்சு, அப்ப உத்தரப்பிரதேசத்துல இருந்த மங்களௌர்னு ஒரு ஊர். நகராட்சி, பொதுச்சாலையோட ஓரத்து நிலத்துல காந்தி சிலை, தண்ணீர்ப் பந்தல், நூலகம் வைக்கணும்னு ஆசைப்பட்டுச்சு. மூணுமே நல்ல காரியம்தானே? முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. தெரு உங்ககிட்ட இருக்கிறது தெருவா வெச்சிருக்கத்தான், நல்ல காரியம்ங்கிறதுக்காக அதுல வேற எதையும் கட்டிட முடியாதுங்கிறதுதான் சாரம். காந்தி சிலைக்கே அந்த நிலைமை. "ஆஸ்பத்திரிதானே, யாரு எதிர்ப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். நல்ல காரியத்தோட பேர்லதான் கேள்வி கேக்காம எல்லாம் நடக்கும்.

இப்ப "வெளிநாட்டுல பண்றாங்களே". பண்றாங்கதான். அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி விரிவாக்கத்துக்காகப் பக்கத்துல இருந்த குடியிருப்பு வளாகத்தையே விலைக்கு வாங்கி, அங்க இருந்த தெருத் துண்டுகளை மூடித் தரச்சொல்லி நகர மன்றத்துக்கிட்ட மனு போட்டாங்க. கிடைச்சுது. ஆனா சும்மா இல்ல. அந்த ஊர்ல தெருவை மூடக் கேட்டா, பொது விசாரணை நடக்கணும், நகர மன்றம் ஓட்டுப்போடணும், மூடுற நிலத்துக்கு மதிப்புப் போட்டுப் பணம் கட்டணும், அதுக்கு மேல ஜனங்களுக்குப் பொதுப்பயனா வேற ஏதாவது செஞ்சு தரணும், நடைபாதை, சைக்கிள் பாதை, திறந்தவெளி மாதிரி. தெருவை எடுக்கிறது ஊர்க்கிட்ட இருந்து ஒண்ணை வாங்கறது, அதுக்குக் கணக்கு உண்டுங்கிற நெனப்பு அங்க விதியாவே இருக்கு. நம்ம குரூப்ல "வெளிநாட்டுல பண்றாங்க"ங்கிற பாதி மட்டும் வந்து சேருது, மீதிப் பாதி கப்பல்லயே நின்னுடுது.

இன்னொண்ணு, அங்க பெரும்பாலும் கார்ல போறவங்க. ஒரு திருப்பம் கூடினா ஸ்டீரிங்கைக் கொஞ்சம் ஒடிக்கணும். இங்க நிறைமாசமா இருக்கிற பொண்ணு நடந்து வருது.

அடுத்து வர்ற வாதம் பாதுகாப்பு. இதுக்கு நான் ரொம்ப மரியாதை கொடுக்கறேன், ஏன்னா எங்க பொண்ணுங்க பயந்துக்கிட்டு நைட் டூட்டி பாக்கிறாங்க. 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தா ஆர்.ஜி.கர்ல நடந்தது நடந்த பிறகு "சுத்திச் சுவர் எழுப்புங்க, வெளியாட்கள் நடமாட்டத்தை நிறுத்துங்க"ங்கிற குரல் எல்லா ஊர்லயும் கேட்டுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தக் கொடுமை நடந்தது ஆஸ்பத்திரிக்கு உள்ள, செமினார் ஹால்ல. குற்றவாளி, உள்ளே வந்துபோக வாய்ப்பிருந்த ஒரு காவல்துறைத் தன்னார்வலர். அதே வருஷம் நவம்பர்ல கிண்டியில ஒரு டாக்டரைக் குத்தினது பட்டப்பகல்ல, ஓபி ரூமுக்குள்ள. பக்கத்துத் தெருவை மூடியிருந்தா எதைத் தடுத்திருக்கும்? பூட்டு போட்டுப் படுக்க ஒரு டூட்டி ரூம், எரியுற லைட்டு, கூப்பிட்டா வர்ற காவலாள், இதைக் கேட்டா ஃபைல் நகராது. சுவர்னா மட்டும் உடனே டெண்டர்.

ராத்திரி ஹாஸ்டலுக்கு நடந்து போற ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டுப் பாருங்க, டீக்கடை திறந்திருக்கிற தெருவுல போவாங்களா, இல்ல ரெண்டு பக்கமும் பத்தடிச் சுவர் நிக்கிற வளாகத்துக்குள்ள போவாங்களான்னு.

சுவரைப் பத்தி இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். 2011 டிசம்பர் 9, கொல்கத்தா தாகுரியாவுல ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, ஏ.எம்.ஆர்.ஐ. விடியக்காலம் அடித்தளத்துல தீ. கார் நிறுத்த வேண்டிய இடத்துல எரியக்கூடிய பொருளைப் போட்டு வெச்சிருந்தாங்க. புகை வார்டுக்கு வார்டு ஏறிடுச்சு. சுமார் 90 பேர் செத்தாங்க, பெரும்பாலும் படுக்கையில கிடந்த நோயாளிங்க. முதல்ல புகையைப் பாத்துட்டு ஓடி வந்தது பக்கத்துல இருந்த குடிசைப் பகுதி ஜனங்க. காவலாளிங்க அவங்களை உள்ள விடாம திருப்பி அனுப்பினாங்கன்னு அப்பவே செய்தி வந்தது. அப்புறம் அதே பசங்கதான் ஏறிக் குதிச்சு, கையில கெடைச்சதை வெச்சு ஆட்களை இறக்கினாங்க. தீயணைப்பு வண்டி அந்தக் குறுகலான வழியில திண்டாடுச்சு. ஒரு ஆஸ்பத்திரிக்கு நாலு பக்கமும் வழி இருக்கிறதும், பக்கத்துல ஜனங்க இருக்கிறதும் தொந்தரவா தெரியும், தீ பிடிக்கிற அன்னைக்கு வரைக்கும்.

ஒரு நேர்மையான வாக்குமூலமும் சொல்லிடறேன், என் சகாக்கள் திட்டினாலும் பரவால்ல. இந்த மாதிரி "விரிவாக்கம்"னு சேர்க்கிற இடத்துல முதல் நாள் என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பிளான் ஒப்புதல் ஆகி, நிதி வந்து, டெண்டர் விட்டு, கட்டடம் எழும்பற வரைக்கும் அங்க கார் நிக்கும். ஸ்டாஃப் கார். டாக்டர் கார். அதுல என்னோட மாருதியும் நிக்கும்.

சரி, தெருவை விட்டுட்டா இடத்துக்கு எங்க போறது?

இந்த ஊர் இதுக்கு முன்னாடி இடம் கண்டுபிடிச்சிருக்கு. பழைய ஜெயில் ரோட்டுல ஜெயில் இருந்த இடத்துலதான் இன்னைக்கு பாரதி மகளிர் கல்லூரி. சென்ட்ரல் எதிர்ல இருந்த மத்திய சிறை 2006-ல புழலுக்குப் போச்சு, 2009-ல இடிச்சாங்க, அந்த இடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கிடைச்சுது. சட்டமன்றத்துக்குன்னு கட்டின ஓமந்தூரார் கட்டடமே 2014-ல பல்நோக்கு உயர்சிறப்பு ஆஸ்பத்திரி ஆச்சு. 2023-ல கிண்டியில கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 1000 படுக்கையோட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி வந்தது. ஜெயில் நகர்ந்திருக்கு, சட்டமன்றம் நகர்ந்திருக்கு. இதுல எதுக்கும் ஒரு டீக்கடைத் தெரு நகரத் தேவைப்படல.

எங்க பேசின் பிரிட்ஜைச் சுத்திப் பாருங்க. சால்ட் கோட்டர்ஸ் யார்டு, ரயில்வே நிலம், துறைமுக நிலம், மின்வாரிய நிலம். எண்ணூர்ல பழைய அனல்மின் நிலையத்தை 2017-ல நிரந்தரமா மூடிட்டாங்க. சாம்பல் படிஞ்ச மண்ணுல நாளைக்கே ஆஸ்பத்திரி கட்டுங்கன்னு நான் சொல்லல. வடசென்னையில அரசாங்கத்து நிலமே இல்லங்கிற பேச்சு பொய்னு சொல்றேன். நிலம் இருக்கு. ஆனா ரயில்வேகிட்ட கேக்கணும், துறைமுகத்துகிட்ட கேக்கணும், அந்த வாரியம் இந்த வாரியம்னு கடிதம் எழுதணும், வருஷக்கணக்குல டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கணும். தெருகிட்ட கடிதம் எழுத வேண்டியதில்ல. அதுக்கு லெட்டர்ஹெட் இல்ல, வக்கீல் இல்ல, பதில் நோட்டீஸ் வராது. அதான் எல்லார் கையும் முதல்ல தெரு மேல போகுது.

அதைவிடப் பெரிய கேள்வி, எல்லாரும் ஏன் ஒரே ஆஸ்பத்திரிக்கு வரணும்? என் வார்டுல சும்மா ஒருநாள் விசாரிச்சேன். எண்ணூர்ல இருந்து காலுல சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாத்த வந்த மீனவர். திருவொற்றியூர்ல இருந்து பிரஷர் மாத்திரைக்கு வந்த பாட்டி. மணலியில இருந்து மூச்சு வாங்குதுன்னு நெபுலைசருக்கு வந்த கொழந்தை. இவங்க மூணு பேருக்கும் வீட்டுக்குப் பக்கத்துலயே வேலை முடியணும். அங்க இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ராத்திரியும் ஒரு டாக்டர், ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன், லேப்ல ரீஏஜென்ட், இவ்ளோ கொடுத்தா பெரிய ஆஸ்பத்திரியோட வராண்டா பாதி காலியாகும். கொளத்தூர்ல பெரியார் நகர் புறநகர் ஆஸ்பத்திரியை வளர்த்து 2025-ல பெரிய ஆஸ்பத்திரியா திறந்தாங்களே, அந்த வழி. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அதே மாதிரி எப்பன்னு கேளுங்க. படுக்கையை ஜனங்க பக்கத்துல கொண்டு போங்க.

ரெண்டு பிளாக்குக்கு நடுவுல ட்ராலி தள்ளுற பிரச்சனைக்கு மேல ஒரு மூடின பாலம், இல்ல கீழ ஒரு சுரங்கம். இது ராக்கெட் விடற வேலை இல்ல. வண்டி தொந்தரவுன்னா வண்டியை மட்டும் நிறுத்துங்க. தி.நகர்ல பாண்டி பஜாரை 2019-ல நடக்கிறவங்களுக்காக மாத்தினாங்களே. துணி வாங்கறவங்களுக்குக் கெடைச்ச மரியாதை நோயாளிக்குக் கெடைக்கக்கூடாதா? ஆம்புலன்சும் ஆளும் போகட்டும், லாரி வேண்டாம்னு ஒரு போர்டு, ரெண்டு கம்பம் போதும். தெருவுக்கு அடியில போற குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாம் அப்படியே இருக்கும். மூடிக் கட்டடம் கட்டினா அதையெல்லாம் எங்க கொண்டு போவீங்கன்னு கேட்டா, இதுவரைக்கும் எனக்கு யாரும் பதில் சொன்னதில்ல. மிக்ஜாம் புயல்ல தண்ணி எங்க நின்னுச்சுன்னு மறக்கற அளவுக்கு நாள் ஆகல.

ஒரு தெருவைக்கூட என்னைக்கும் மூடக்கூடாதுன்னு நான் பிடிவாதம் பிடிக்கல. எல்லா வழியும் பாத்தாச்சு, வேற வழியே இல்லன்னு ஒரு நிலைமை வரலாம். அப்பவும் மாத்து வழியை முதல்ல போட்டு முடிச்சிட்டு, அதுக்கப்புறம் தெருவைத் தொடுங்க. நம்ம ஊர்ல எப்பவும் தலைகீழ். தகரம் முதல்ல வரும், மாத்து வழி "விரைவில்". அப்புறம் கேக்க வேண்டியவங்களைக் கேளுங்க. வார்டு அளவுல ஏரியா சபைன்னு ஒண்ணு 2022-ல இருந்து தமிழ்நாட்டுல நடக்குது. பேருக்கு நடக்குதுன்னு சிரிப்பீங்க, எனக்கும் தெரியும். நீங்க போகலன்னா பேருக்குத்தான் நடக்கும். உங்க ஏரியாவுல இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்தா அங்க போய் மூணு கேள்வி கேளுங்க: இந்தத் தெருவுல ராத்திரி எத்தனை பேர் நடக்கிறாங்கன்னு எண்ணினீங்களா, மாத்து வழியில ஒரு ஆட்டோ கேஷுவால்ட்டிக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்னு ஓட்டிப் பாத்தீங்களா, பக்கத்துல இருக்கிற அரசு நிலத்துக்கு எழுதின கடிதத்தைக் காட்ட முடியுமா.

நான் இவ்ளோவும் துண்டு துண்டா குரூப்ல போட்டப்போ ரெண்டு நாள் அமைதி. ஒருத்தர் "எம்பிபிஎஸ் படிச்சிட்டு டவுன் பிளானிங் பேசறான்"னு ஒரு சிரிப்பு எமோஜி போட்டாரு. பேசறேன் சார். கேஸ் ஷீட்ல "தாமதமாக வந்தார்"னு எழுதறது நான்தானே.

நேத்து ராத்திரி சீனியர் தனியா போன் பண்ணாரு. "தம்பி, நீ சொல்றதுல பாதி சரி, பாதி உணர்ச்சி. அந்தத் தெருவுல ராத்திரி ஒரு ஈ காக்கா இருக்காது, நான் பாத்திருக்கேன்"னாரு. எத்தனை மணிக்கு சார் பாத்தீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. கார் கண்ணாடி ஏத்தித்தான்பா போவேன்னு சொல்லிச் சிரிச்சாரு.

வர்ற புதன்கிழமை எங்க ரெண்டு பேருக்கும் நைட் இல்ல. பத்து மணியில இருந்து விடியக்காலம் நாலு மணி வரைக்கும் அந்தத் தெருமுனையில ஸ்டூல் போட்டு உக்காந்து எண்ணப் போறோம். நடந்து வர்றவங்க ஒரு பக்கம், ஆட்டோ ஒரு பக்கம், மீன்பாடி வண்டி தனியா. அவர் நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வர்றேன்னிருக்காரு. டீ செலவு என்னோடது, அக்கா கடையில.